தேர்முங்கியில் ஒரு குத்துச்சண்டை வெள்ளோட்டம்

தேர்முங்கி என்று ஒரு ஊர். பஸ்ஸில் ஏறி அந்தப் பேரைச் சொன்னால் டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாலேயே கண்டக்டர் சிரித்துவிடுவார். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன், எனக்கென்ன அவசரம்?

அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் புதுத் தேர் செய்தார்கள். புதுத் தேர் என்றால் முதலில் சாமியை ஏற்றாமல் வெறுமனே ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதற்குத்தான் வெள்ளோட்டம் என்று பேர். இவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. எடுத்த எடுப்பிலேயே சாமியை ஏற்றி, வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தேர் தெற்குத் தெரு முக்கில் திரும்ப மாட்டேன் என்று நேரே போய்க் குளத்தில் இறங்கிவிட்டது. சாமியை மீட்டார்கள். தேர் முங்கினது முங்கினதுதான். அன்றைக்கே ஊர் கூடித் தீர்மானம் போட்டது: இனிமேல் வெள்ளோட்டம் பார்க்காமல் இந்த ஊரில் எந்தக் காரியமும் நடக்கக் கூடாது.

எந்தக் காரியமும் என்றால் எந்தக் காரியமும்தான். தேரைப் பற்றி மட்டும்தான் பேசினோம் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை.

அதனால் தேர்முங்கியில் கல்யாணத்துக்கு முந்தின நாள் வேறொரு மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து வெள்ளோட்டத் தாலி கட்டிப் பார்ப்பார்கள். முடிச்சு சரியாக விழுகிறதா என்று தெரிய வேண்டாமா? அப்படி விழுந்த முடிச்சு அவிழாமல் போய், இரண்டு மூன்று குடும்பங்கள் பேரன் பேத்தி எடுத்து நன்றாகவே இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தின நாள், வாங்கின வெடியை எல்லாம் ஒன்று விடாமல் வெடித்துப் பார்ப்பார்கள். தீபாவளியன்று ஊர் கப்சிப் என்று இருக்கும். "இந்த வருசம் ஒண்ணுகூட நமுத்தது இல்லவே" என்று எண்ணெய்த் தலையோடு பெருமை பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்தான் நம்ம கோமதிநாயகம். கடையில் சைக்கிள் இருந்ததோ இல்லையோ, முகத்தில் மீசை இருந்தது. அது சும்மா மீசை இல்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு இசக்கியம்மாள் குனிந்த தலை நிமிரவே இல்லை. காப்பித் தட்டை நீட்டும்போது அவர் மீசை நுனி மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டாள். 'நம்மகிட்ட அவளுக்குப் பிடிச்சதே இது ஒண்ணுதான்' என்று கோமதிநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரு பயம். காலையில் எழுந்தால் முதலில் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்.

கடையைத் தவிர அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்க் கணிப்புக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். எங்கே எந்தப் போட்டி நடந்தாலும் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே யோசித்து, பஸ் நிறுத்தத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுவது கழகத்தின் வேலை. உறுப்பினர்கள் இரண்டே பேர். ஒருவர் தளவாய். இன்னொருவர் சங்கிலி. சங்கிலியின் தங்கச்சியைத்தான் தளவாய் கட்டியிருந்தார். கழகம் சொன்னது இதுவரை ஒரு தடவைகூடப் பலித்ததில்லை. போன கபடிப் போட்டிக்கு, வராத டீம்தான் ஜெயிக்கும் என்று எழுதினார்கள். "தோக்கணும்னா வரணும்லா? வராதவனை யாரு தோக்கடிப்பா?" என்பது தளவாயின் வாதம்.

பக்கத்து ஊர் ஆலங்கரை. அங்கே பூதலிங்கம் என்று ஒருவர் இதே வேலையைச் செய்தார். அவர் பேப்பர் படிப்பார், ரேடியோ கேட்பார், நாலு பேரிடம் விசாரிப்பார். அவர் சொன்னது பலித்துக்கொண்டே இருந்தது. அவருக்கும் மீசை உண்டு. தேர்முங்கி வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்பலகையை வாய்விட்டுப் படித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போவார். அவ்வளவு கொழுப்பு.

இப்படி இருக்கையில் தென்மண்டலக் குத்துச்சண்டைச் சாம்பியன் பட்டப் போட்டி தேர்முங்கிக்கு வந்து சேர்ந்தது. தேர் முங்கின குளம் வற்றிப் போய்ப் பல வருசமாகிறது. நடுவில் மேடை போட்டால் நாலு பக்கத்துப் படிக்கட்டிலும் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று யாருக்கோ யோசனை தோன்றியிருக்கிறது. மோதப் போகிறவர்கள் இருவர். தூத்துக்குடி ஜெரோம், நெட்டையன், கை நீளம். நாகர்கோவில் வேதமணி, குட்டையன், கழுத்தே கிடையாது. நடுவர், மாஸ்டர் டேனியல். அந்தக் காலத்தில் அவரும் சண்டை போட்டவர்தான், மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

மாஸ்டர் இடம் பார்க்க வந்த அன்றைக்குக் கோமதிநாயகம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், இதுல யாரு ஜெயிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்ணால பார்க்காததைச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் பயிற்சி எடுக்கிற இடத்துக்குப் போங்க. யாரு எப்படி அடிக்கிறான், யாரு எவ்வளவு தாங்குறான்னு நேர்ல பாருங்க."

மறுநாளே மூன்று பேரும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே ஒரு கொட்டகையில் விட்டத்திலிருந்து மணல் மூட்டை தொங்கியது. ஜெரோம் அதை அடித்துக்கொண்டிருந்தான். அடி என்றால் அப்படி ஒரு அடி. கழகத்தார் சுவரோரமாக உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தார்கள். அடித்து அடித்துக் கடைசியில் ஜெரோம் வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க, தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

"அண்ணாச்சி, கவனிச்சீகளா?" என்றார் சங்கிலி மெதுவாக. "உக்காந்தது யாரு?"

"ஜெரோம்."

"நிக்கிறது யாரு?"

"நிக்கல, தொங்குது" என்று திருத்தினார் தளவாய். "ஆனா கீழ விழல. ஒரு முனகல்கூட இல்ல. தண்ணியும் கேக்கல."

கோமதிநாயகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இம்புட்டு அடி வாங்கிட்டுத் திருப்பி ஒரு அடி அடிக்கலையே! எவ்வளவு பெரிய மனசு!" என்றார். மூன்று பேரும் எழுந்து மூட்டைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

அடுத்து நாகர்கோவில். வேதமணி கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, தன் நிழலைப் பார்த்துக் குத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"இது சரிசமமா போகுதே" என்று கவலைப்பட்டார் தளவாய். "இவன் குத்துனா அவனும் அதே நேரத்துல குத்துறான். ஒரு நொடி பிந்த மாட்டேங்கான்."

"பொறுங்க மச்சான். கடைசி வரைக்கும் பாப்போம். மாஸ்டர் தாங்குறதைப் பாக்கச் சொல்லியிருக்காருல்லா?"

பார்த்தார்கள். பொழுது சாய்ந்தது. நிழல் வெளுத்து வெளுத்துக் காணாமல் போய்விட்டது. வேதமணி மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"ஓடிட்டான்!" என்று துள்ளிக் குதித்தார் சங்கிலி. "தாக்குப் பிடிக்க முடியாம ஓடிட்டான்வே!"

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆலோசனை நடந்தது. நிழலை வேதமணி ஜெயித்துவிட்டான். ஜெரோமை மூட்டை ஜெயித்துவிட்டது. இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது, மூன்று பேருமே கண்ணால் பார்த்தது. ஆகவே தோற்றவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் யார்? மறுநாள் காலை பஸ் நிறுத்தக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'சாம்பியன் பட்டம் யாருக்கு? வேதமணிக்கும் மணல் மூட்டைக்கும் கடும் போட்டி!'

பூதலிங்கம் இறங்கினார். படித்தார். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

"வே கோமதிநாயகம்! மூட்டை பஸ்ல வருமா, இல்ல நீரு தோள்ல தூக்கிட்டு வருவீரா?"

டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துச் சிரித்தார். கோமதிநாயகத்துக்கு மானம் போயிற்று. கோபம் தலைக்கேறியதும் நாக்கு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"சிரிக்காதேயும்! சண்டைக்கு முன்னால இதே பலகையில முடிவை எழுதுதேன். அது பலிக்கலைன்னா ஊர் முன்னால எம் மீசையை எடுத்துக்கிடுதேன்!"

"பலிச்சா என் மீசையை எடுத்துக்கிடும்!" என்றார் பூதலிங்கம். "நான் இப்பவே சொல்லுதேன், ஜெரோம்தான் ஜெயிப்பான். மூணாவது ரவுண்டிலேயே."

சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். கோமதிநாயகம் மெல்ல மீசையைத் தொட்டுப் பார்த்தார். இது போய்விட்டால் இசக்கியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? என்ன இருக்கிறது என்று விழிப்பது?

அன்றைக்குக் குளத்தில் கழகம் அவசரமாகக் கூடியது.

"நாம எங்க தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

தளவாய் விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார்: "கண்ணால பாக்காததைச் சொல்லாதீங்கன்னு மாஸ்டர் சொன்னாரு. மூட்டை அடி வாங்கினதைப் பாத்தோம். நிழல் ஓடினதைப் பாத்தோம். ஆனா ஜெரோமும் வேதமணியும் சண்டை போட்டதை நாம பாக்கவே இல்லையே அண்ணாச்சி."

"சண்டை இன்னும் நடக்கலையேடே."

"அதான் சொல்லுதேன். நடக்காததை எப்படிப் பாக்கிறது?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி மூன்று வாயிலிருந்தும் ஒரே வார்த்தை வந்தது: "வெள்ளோட்டம்!"

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மாதிரி ஆகிவிட்டதே என்று கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்.

சண்டைக்கு முந்தின நாள் இரண்டு வீரர்களும் வந்து இறங்கினார்கள். கோமதிநாயகம் பணிவாகப் போய்க் கேட்டார்: "தம்பி, நாளைக்கு போடப் போற சண்டையை இன்னிக்கு ஒருதடவை முழுசா போட்டுக் காட்டினீகன்னா நல்லது." ஜெரோம் ஒன்றும் பேசாமல் அவரைத் தூக்கி அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். வேதமணி அறையில் மரியாதை கொஞ்சம் கூடுதல். கதவைச் சாத்திவிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றான்.

சரி, வீரர்கள் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பதில் வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம். வெள்ளோட்டத்தில் சாமியே வராதே, வீரன் எதற்கு? யாரைப் போடுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மேடையே பதில் சொல்லிவிட்டது.

மேடையைச் சுற்றிக் கயிறு கட்டும் வேலையை மாஸ்டர் தளவாயிடமும் சங்கிலியிடமும் கொடுத்திருந்தார். "நல்லா இறுக்கிக் கட்டுங்க. ஒருத்தரும் உள்ளே நுழைஞ்சிரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர்கள் மேடைக்குள்ளே நின்றுகொண்டு, இடுப்பு வரை, நெஞ்சு வரை, தலைக்கு மேலே வரை நெருக்க நெருக்கக் கட்டிவிட்டார்கள். ஒரு பூனைகூட உள்ளே நுழைய முடியாது. வேலை முடிந்த பிறகுதான் தாங்கள் வெளியே போக முடியாது என்று தெரிந்தது. அவிழ்க்கலாம் என்றால், அவிழ்க்கச் சொல்லி மாஸ்டர் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கயிற்று இடுக்கு வழியாக உருண்டை உருண்டையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள ரெண்டு பேரு இருக்கீக. சண்டைக்கு வேண்டியதும் ரெண்டு பேரு" என்றார் கோமதிநாயகம். "நீங்களே போடுங்க. தளவாய், நீரு ஜெரோம். சங்கிலி, நீரு வேதமணி. நடுவரா நான் வாரேன்."

ஒரு ஏணியைச் சாத்தி ஏறிக் கயிற்றுக்கு மேலாக உள்ளே குதித்தார். விஷயம் தெரிந்து ஊரே படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. கையுறைக்குப் பதில் தலையணை உறைக்குள் தேங்காய் நாரைத் திணித்துக் கட்டிக்கொண்டார்கள்.

"ம், ஆரம்பிங்க" என்றார் கோமதிநாயகம்.

தளவாய் கையை ஓங்கினார். ஓங்கின கையை இறக்கினார். "மச்சான், நீங்க மொதல்ல அடிங்க."

"சே சே. தங்கச்சியைக் குடுத்த வீட்டுல நான் கை ஓங்குறதா? நீங்க அடிங்க மச்சான்."

"பொண்ணு குடுத்த மனுசனை அடிச்சிட்டு நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது? நீங்கதான் அடிக்கணும்."

"மாட்டேன்னா மாட்டேன். வேணும்னா எம் பங்கையும் நீங்களே அடிச்சிருங்க."

படிக்கட்டிலிருந்து தளவாயின் மனைவி எழுந்து நின்று, "எங்க அண்ணன் மேல ஒரு அடி விழுந்துச்சோ, இன்னிக்கு ராத்திரிச் சோறு கிடையாது!" என்று கத்தினாள். சங்கிலியின் கண் கலங்கிவிட்டது. தங்கச்சியின் பாசத்தை எண்ணி அவர் துடைத்துக்கொண்டார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கோமதிநாயகத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. "எய்யா, உங்க காலைப் பிடிக்கேன். எம் மீசையை நினைச்சுப் பாருங்க. ஒரே ஒரு அடி. ரெண்டு பேரும் ஒண்ணா அடிச்சா ஒருத்தருக்கும் பாவம் இல்லைல்லா?"

அது நியாயமாகப் பட்டது. ஆனால் சொந்தக்காரன் அடிபடுவதை எப்படிப் பார்ப்பது? அதனால் இரண்டு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். இரண்டு பேரும் மனதில் உள்ள பாரத்தை எல்லாம் சேர்த்துக் கையைச் சுழற்றினார்கள். 'சரியா அடிக்காகளா' என்று பார்ப்பதற்காகக் கோமதிநாயகம் நடுவில் தலையை நீட்டினார்.

கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு வானம் தெரிந்தது. பிறகு இரண்டு மச்சான்களின் முகமும் மேலே தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலையே?"

கோமதிநாயகம் படுத்தபடியே சிரித்தார். தாடை வலித்தாலும் சிரித்தார். "தெரிஞ்சு போச்சுடே! முடிவு தெரிஞ்சு போச்சு! ஜெரோம் நிக்கான். வேதமணி நிக்கான். நடுவர் விழுந்துட்டார்!"

சாயங்காலம் மூன்று பேரும் அதே ஏணி வழியாக வெளியே வந்ததும் கரும்பலகையில் புது எழுத்து ஏறியது: 'நாளைய சண்டையில் நடுவர் தோற்பார்.' கடைசி பஸ்ஸில் வந்த பூதலிங்கம் அதைப் படித்துவிட்டு விக்கல் வருகிறவரைக்கும் சிரித்தார். "அணஞ்சபெருமாள், நாளைக்கு நல்லாச் சோப்பு நுரைச்சு வையும்" என்று எதிர்க் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அணஞ்சபெருமாள்தான் ஊரில் சலூன் வைத்திருந்தவர். தொழிலில் சுத்தமான மனுசன். பூதலிங்கம் போனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வந்து நின்றார். முகத்தில் சங்கடம்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. ஒருவேளை நாளைக்கு நீங்க தோத்துட்டா, நான்தான் உங்க மீசையை எடுக்கணும். அதுவும் அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல. வெள்ளோட்டம் பாக்காம எப்படிக் கத்தி வைக்கிறது? ஊர்த் தீர்மானம் இருக்குல்லா?"

கோமதிநாயகம் மறுத்துப் பேச ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தீர்மானம் தீர்மானம்தான். தானே மத்தியானம் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, இப்போது இன்னொருத்தனை வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்?

"ஞாயந்தான்வே" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார்.

நுரை ஏறியது. கத்தி இறங்கியது.

"எரியுதா அண்ணாச்சி?"

"இல்ல, சுகமாத்தான் இருக்கு."

"கத்தி இழுக்கலையே?"

"இல்லவே."

"அப்ப நாளைக்கு ஒரு பயமும் இல்ல" என்றார் அணஞ்சபெருமாள் திருப்தியாக. மேலுதட்டைப் படிகாரத்தால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார்.

கோமதிநாயகத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. 'வெறும் வெள்ளோட்டத்துக்கே மனசு இந்தப் பாடு படுதே. நாளைக்கு நெசமாவே மீசை போச்சுன்னா எப்படித் தாங்குவேன்?' என்று நினைத்தபடி கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் தட்டினார். இசக்கியம்மாள் திறந்து, ஒரு நிமிசம் ஏற இறங்கப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வீட்டுல ஆம்பளை இல்லை. அவுக வந்தப்புறம் வாங்க" என்றாள்.

சரியாகத்தானே சொல்கிறாள்! வேற்று ஆம்பளைக்குக் கதவைத் திறக்காத இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "வந்தா நான் தேடி வந்தேன்னு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கடையிலேயே படுத்துக்கொண்டார். ஆனால் படுத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்குத் தோற்றுவிட்டால் இந்தக் கதவு இனித் திறக்கவே திறக்காது.

மறுநாள் குளத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாஸ்டர் டேனியல் வந்து கயிற்றைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். கத்தி வாங்கிப் பாதிக் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, தளவாயை மேடைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது என்று விரட்டினார். சங்கிலிக்கு மணி அடிக்கிற வேலை. தண்டவாளத் துண்டு ஒன்றும் சுத்தியலும் கையில் கொடுத்திருந்தார்கள்.

"மாஸ்டர், மணி எப்பெப்ப அடிக்கணும்?"

மாஸ்டருக்கு ஏற்கெனவே பொறுமை போயிருந்தது. "ஆரம்பிச்சா அடி. முடிஞ்சா அடி. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார்.

"ஆரம்பிச்சா அடி, முடிஞ்சா அடி" என்று சங்கிலி நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கோமதிநாயகம் முன்வரிசையில் துண்டால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூதலிங்கம், மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கி விட்டுக்கொண்டு. இரண்டு பேருக்கும் நடுவே பெட்டியைத் திறந்து வைத்தபடி அணஞ்சபெருமாள்.

மணி அடித்தது. சண்டை தொடங்கியது. ஜெரோமின் நீளக் கை போய்ப் போய் விழுந்தது. வேதமணி தோளைக் குறுக்கிக்கொண்டு தாங்கினான். முதல் ரவுண்டு முழுக்க ஜெரோம் பக்கம்தான். நடுவர் பக்கத்தில் ஒரு ஈகூடப் போகவில்லை. மாஸ்டர் காலை மாற்றி மாற்றி வைத்து, மான்குட்டி போல விலகி விலகி நின்றார்.

"எங்கவே, உம்ம நடுவர் இன்னும் விழக்காணோம்?" என்று பூதலிங்கம் விலாவில் இடித்தார். "அணஞ்சபெருமாள், தண்ணி சுட்டுருச்சா பாரும்."

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. துண்டுக்கு அடியில் கையைவிட்டு மேலுதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இசக்கியம்மா" என்று முனகினார். அம்மனைக் கூப்பிட்டாரோ, பெண்டாட்டியைக் கூப்பிட்டாரோ, அது அவருக்கே தெரியாது.

அப்போது முதல் ரவுண்டு முடிந்தது. சங்கிலி டங் என்று அடித்தார். இரண்டு வீரர்களும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் நடுவில் புகுந்து, இரண்டு பேர் நெஞ்சிலும் கை வைத்து விலக்கினார். "ஓய்வு! ஓய்வு!" என்று சத்தம் போட்டார்.

சங்கிலி யோசித்தார். ரவுண்டு முடிந்தது, சரி. அதற்கு அடித்தாயிற்று. இப்போது ஓய்வு ஆரம்பித்துவிட்டதே? ஆரம்பித்தால் அடிக்கச் சொல்லியிருக்கிறாரே?

டங்!

மணிச் சத்தம் கேட்டால் குத்துவதற்கென்றே வருசக்கணக்காகப் பழகின கை. அவர்கள் மேல் என்ன குற்றம்? ஜெரோம் வலது கையை விட்டான். வேதமணி இடது கையை விட்டான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது மாஸ்டர் டேனியலின் தலை.

மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

கீழே விழுந்தால் நடுவர் பத்து வரை எண்ண வேண்டும். எண்ண வேண்டியவரே கீழே கிடக்கிறார். ஜெரோம் வேதமணியைப் பார்த்தான். வேதமணி ஜெரோமைப் பார்த்தான். படிக்கட்டிலிருந்து தளவாய்தான் பொறுப்பாக எழுந்து, கணீரென்று பத்து வரைக்கும் எண்ணி முடித்தார்.

தண்ணீர் தெளித்து மாஸ்டரை உட்காரவைத்தார்கள். கோமதிநாயகம் மேடைக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "மாஸ்டர், ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க ஜெயிச்சீகளா, தோத்தீகளா?"

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "தோத்துட்டேன்யா. உங்க ஊர்கிட்ட நான் தோத்தே போயிட்டேன். என்னைய விட்டுருங்க. சண்டையை வேற ஊர்ல வச்சுக்கிடுதோம்."

அவ்வளவுதான். ஊர் ஓவென்று எழுந்தது. கழகத்தின் கணிப்பு பலித்துவிட்டது, முதல் தடவையாகப் பலித்துவிட்டது! கோமதிநாயகத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "மீசை தப்பிச்சுதுடோய்!" என்று சத்தம் வானத்தைப் பிளந்தது. துண்டு எங்கேயோ போயிற்று. கோமதிநாயகம் கண்ணீர் வழிய, மொழுமொழுவென்று இருந்த மேலுதட்டுக்குப் பக்கத்தில் வெறுங்காற்றைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு முறுக்கினார்.

அந்த முறுக்கைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்த இசக்கியம்மாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "எம் வீட்டுக்காரர்! எம் வீட்டுக்காரர்!" என்று ஓடி வந்தாள். "நேத்து ராத்திரி எங்க போயிட்டீக? யாரோ ஒரு மனுசன் உங்களைத் தேடி வந்தாரு."

"தெரியும் தாயி. நல்ல மனுசன்" என்றார் கோமதிநாயகம்.

பூதலிங்கத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் வார்த்தை தவறாத ஆள். அதைச் சொல்லத்தான் வேண்டும். நேராக வந்து அணஞ்சபெருமாள் முன்னால் உட்கார்ந்தார். "எடுத்துத் தொலையும்வே" என்றார்.

அணஞ்சபெருமாள் கையைப் பிசைந்தார். "அண்ணாச்சி, உங்க மீசைக்கு வெள்ளோட்டம் பாக்கலையே."

கழகம் அங்கேயே கூடியது. தளவாய் ஒரு பக்கம், சங்கிலி ஒரு பக்கம், நடுவில் கோமதிநாயகம். வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் வெள்ளோட்டத்தை இப்போதே முடித்துவிடலாம் என்று தீர்ப்பாயிற்று. நுரை ஏறியது, கத்தி இறங்கியது. பூதலிங்கத்தின் மீசை வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. அவர் எழுந்து வேட்டியை உதறினார். "சரி. கணக்குத் தீந்துதுல்லா? நான் வாரேன்."

மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"எங்க போறீக அண்ணாச்சி?" என்றார் கோமதிநாயகம். "இப்ப நடந்தது வெள்ளோட்டம். இனிமேத்தான் உங்க மீசையை எடுக்கணும்."

"எடுத்தாச்சேவே! மடியில கெடந்ததைப் பாக்கல?"

"அது வெள்ளோட்ட மீசை. அது கணக்குல வராது. எனக்குந்தான் நேத்து எடுத்தாக. எம் மீசை தப்பிச்சுதுன்னு இப்ப ஊரே சொல்லலையா? நீங்களும் கேட்டீகல்லா?"

பூதலிங்கம் கோமதிநாயகத்தின் வெறும் உதட்டைப் பார்த்தார். அதை ஊரே அண்ணாந்து பார்த்து, "என்னா மீசை, என்னா மீசை" என்று பூரித்து நிற்பதைப் பார்த்தார். இசக்கியம்மாள் அதற்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பேப்பர் படிக்கிற மனுசன், ரேடியோ கேட்கிற மனுசன், தலையை ஒருதரம் உதறிக்கொண்டார். தன் உதட்டைத் தொட்டார். அணஞ்சபெருமாள் மறுபடியும் நுரை கலக்க ஆரம்பித்தார்.

பூதலிங்கம் இரண்டு கையாலும் மேலுதட்டை இறுகப் பொத்திக்கொண்டு குளத்துப் படியில் பாய்ந்து ஏறினார். "கிட்ட வராதீங்கடே! எம் மீசையைத் தொட்டீகன்னா நடக்கிறதே வேற!" என்று அலறிக்கொண்டு, நிற்கிற பஸ்ஸையும் விட்டுவிட்டு, ஆலங்கரை வரைக்கும் ஓடியே போய்ச் சேர்ந்தார்.